தியாகத்தின் பெயரால் ஒரு கூலிப் பறிப்பு

வாடகைத் தாய் (ஒழுங்குமுறை) சட்டம் 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. பணம் பெற்றுக்கொண்டு பிறருக்காகக் கருச் சுமப்பதை இச்சட்டம் தடை செய்தது. ஏழைப் பெண்களின் கருப்பை இனிச் சந்தைப் பொருளல்ல என்று ஒன்றிய அரசு பெருமை பேசிக்கொண்டது. முற்போக்கு முகாமிலும் அந்தப் பெருமையை ஏற்றுக்கொண்டவர்கள் உண்டு. வணிகம் ஒழிந்தது, எனவே சுரண்டலும் ஒழிந்தது, பா.ஜ.க. அரசு தப்பித் தவறிச் செய்த ஒரு நல்ல காரியம் இது என்பது அவர்களது வாதம்.

இந்த வாதம் பிழையானது. உழைக்கும் வர்க்கத்தின் கட்சி இதை ஏற்க முடியாது. சட்டம் வணிகத்தை ஒழிக்கவில்லை. செயற்கைக் கருத்தரிப்பு மருத்துவமனையின் கட்டணம் சட்டப்படியானது. மருத்துவரின் ஊதியம், மருந்துக் கம்பெனியின் லாபம், காப்பீட்டு நிறுவனத்தின் பிரீமியம், ஒப்பந்தப் பத்திரம் எழுதும் வழக்கறிஞரின் கட்டணம் ஆகிய அனைத்தும் சட்டப்படியானவை. இந்த முழு நடவடிக்கையிலும் ஒரே ஒருவர் கூலி பெறுவதுதான் குற்றம். பத்து மாதம் சுமந்து, வலியெடுத்துப் பெற்றுத் தருகிற பெண்தான் அந்த ஒருவர்.

ஆனந்தில் நடந்தது

இச்சட்டத்தை விமர்சிப்பது பழைய சந்தைக்கு வக்காலத்து வாங்குவதாகாது. அந்தச் சந்தை எத்தகையது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

2002 முதல் இந்தியாவில் வணிக வாடகைத் தாய் முறை தடையின்றி நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2005இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை எதுவும் இல்லை. குஜராத்தின் ஆனந்த் நகரம் இத்தொழிலின் உலகத் தலைநகரமாயிற்று. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. பாலை விற்பதற்குக் கூட்டுறவு கண்ட ஊரிலேயே, கருச் சுமந்த பெண்களுக்குச் சங்கமும் இல்லை, பேரம் பேசும் வலிமையும் இல்லை. வீட்டு வேலை செய்தவர்களும், கூலி வேலைக்குப் போனவர்களும், கணவனுக்கு நிலையான வேலை இல்லாதவர்களுமே அங்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பலர் கருவுற்ற காலம் முழுவதும் தம் பிள்ளைகளைப் பிரிந்து, மருத்துவமனை நடத்திய விடுதிகளில் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்தார்கள். சமூகவியலாளர் அம்ரிதா பாண்டே அங்கு கள ஆய்வு செய்து 2014இல் வெளியிட்ட நூல் இந்த வாழ்க்கையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அவர்கள் பெற்ற தொகை அவர்களது குடும்பம் பல ஆண்டுகள் உழைத்தாலும் ஈட்ட முடியாத தொகை என்பது உண்மை. அது மருத்துவமனையும் இடைத்தரகரும் ஈட்டியதில் ஒரு சிறு பகுதி என்பதும் உண்மை.

2008இல் ஆனந்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்குழந்தைக்காக ஒப்பந்தம் செய்திருந்த ஜப்பானியத் தம்பதி, பிறப்புக்கு முன்பே மணமுறிவு பெற்றுவிட்டனர். தாய் யார், நாடு எது என்பதற்கு விடையின்றி அந்தப் பச்சிளங்குழந்தையின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2009இல் சட்ட ஆணையம் தனது 228ஆவது அறிக்கையில் இதை 25,000 கோடி ரூபாய்த் தொழில் என்று மதிப்பிட்டது. 2012இல் அகமதாபாத்தில், அயல்நாட்டவர் ஒருவருக்காகக் கருச் சுமந்த பெண் எட்டாம் மாதத்தில் இறந்துபோனார். குழந்தை காப்பாற்றப்பட்டது. அவருடைய சொந்தப் பிள்ளைகள் தாயை இழந்தனர். தொழிற்சாலையில் இறந்த தொழிலாளியின் குடும்பம் இழப்பீட்டுச் சட்டத்தைக் காட்டியாவது வழக்காடலாம். இந்தப் பெண்ணை எந்தச் சட்டமும் தொழிலாளி என்று அறிந்திருக்கவில்லை.

இந்தச் சந்தை மூடப்பட்டதற்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. அதன் இடத்தில் எது வைக்கப்பட்டது என்பதே கேள்வி.

தடை செய்யப்பட்டது எது?

சட்டத்தின் விதிகளைப் பார்க்கலாம். வாடகைத் தாயாக இருப்பவர் மணமானவராக, சொந்தப் பிள்ளை உடையவராக, 25 முதல் 35 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் வாடகைத் தாயாகலாம். மருத்துவச் செலவு, விதிகளில் குறிக்கப்பட்ட பிற செலவுகள், 36 மாதக் காப்பீடு ஆகியவை தவிர அவருக்கு வேறெதுவும் தரக் கூடாது. மீறி வணிக முறையில் நடத்துவோருக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதற்குச் சட்டம் சூட்டியுள்ள பெயர் பிறர்நலம் கருதிய வாடகைத் தாய் முறை. அரசுத் தரப்பினரின் மேடைப் பேச்சில் இது தியாகம், சேவை, தாய்மையின் மகத்துவம் என்றெல்லாம் விரிகிறது.

கருச் சுமப்பதை இச்சட்டம் தடை செய்யவில்லை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். ஊசிகளும், ஹார்மோன் மருந்துகளும், அறுவைச் சிகிச்சையும், அதன் பின்விளைவுகளும் அப்படியே இருக்கின்றன. வேலைக்குப் போக முடியாமல் போகும் மாதங்களும் அப்படியே இருக்கின்றன. கூலி மட்டும் நீக்கப்பட்டிருக்கிறது. தமிழில் இம்முறைக்கு வழங்கும் பெயரே இந்த முரண்பாட்டைக் காட்டிக்கொடுக்கிறது. வாடகை ஒழிந்த பின்பும் அவர் வாடகைத் தாயாகவே இருக்கிறார்.

1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பசியும் வறுமையும் கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் சக்திகள் என்பது அத்தீர்ப்பின் சாரம். குறைந்த கூலியே கட்டாய உழைப்பு என்றால், கூலியே இல்லாத உழைப்பை என்னவென்று அழைப்பது? மனமுவந்து செய்கிறார் என்று பதில் வரும். கொத்தடிமை முறையும் தன்னை மனமுவந்த ஏற்பாடு என்றே சொல்லிக்கொண்டது.

இது இடதுசாரிகள் மட்டும் எழுப்பும் ஐயம் அன்று. சுகாதாரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2017 ஆகஸ்டில் அளித்த 102ஆவது அறிக்கை, கூலியற்ற முறையை ஏற்கவில்லை. இழப்பீடு தரும் முறையையே பரிந்துரைத்தது. தியாகத்தை எதிர்பார்க்கும் முறை ஒழுக்கவாத அனுமானங்களின் மீது நிற்கிறது என்றும் அக்குழு சுட்டியது. அரசு அப்பரிந்துரையை ஒதுக்கித் தள்ளியது.

குடும்பத்துக்குள் தியாகம்

தொடக்க மசோதாக்கள் வாடகைத் தாய் நெருங்கிய உறவினராகவே இருக்க வேண்டும் என்றன. 2020இல் மாநிலங்களவைத் தெரிவுக்குழு அதை மாற்றி, மனமுவந்து முன்வரும் எந்தப் பெண்ணும் ஆகலாம் என்று பரிந்துரைத்தது. சட்டம் அவ்வாறே அமைந்தது. இரண்டு நிலைகளையும் இந்தியக் குடும்பத்தின் உண்மை நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

உறவுக்குள் என்றால் யார் முன்வருவார்? சொத்துள்ள வீட்டு மருமகளுக்குப் பிள்ளையில்லை என்றால், அந்த வீட்டை அண்டி வாழும் ஓரகத்தியோ, கணவனை இழந்து அண்ணன் வீட்டில் ஒதுங்கியிருக்கும் தங்கையோ அழைக்கப்படுவார். மறுத்துச் சொல்ல வாய்ப்புள்ளவரிடம் யாரும் தியாகத்தைக் கேட்பதில்லை. அடுத்த வேளைச் சோற்றுக்கு அவ்வீட்டையே நம்பியிருப்பவர் அளிக்கும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று மார்க்சியம் படித்தவர்கள் சொல்லக் கூடாது.

உறவுக்கு வெளியே என்றால், முன்பின் அறியாத ஒரு தம்பதிக்காக எந்தப் பயனும் கருதாமல் கருச் சுமக்கப் போகிற பெண் யார்? நடைமுறையில் இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, அவர் அந்த வீட்டில் வேலை செய்பவராகவோ அவர்களிடம் கடன்பட்டவராகவோ இருப்பார். அல்லது மேசைக்கு அடியில் பணம் கைமாறும். அப்படிக் கைமாறும் பணத்தைத் தராமல் ஏமாற்றினால் அவர் எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. ஒப்பந்தமே குற்றம் என்னும்போது அதன் நிலுவையை யார் வாங்கித் தருவார்? இடைத்தரகரை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டம் இடைத்தரகரைத் தவிர்க்க முடியாதவராக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டுத் தோழர்கள் 2022 அக்டோபரை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு திரை நட்சத்திரத் தம்பதி வாடகைத் தாய் வழியே இரட்டைக் குழந்தைகள் பெற்ற செய்தி வெளிவந்தது. விதிமீறல் உண்டா என்று மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. திருமணப் பதிவு எப்போது, சட்டம் எப்போது என்று ஊடகங்கள் வாரக்கணக்கில் பட்டிமன்றம் நடத்தின. அந்த இரு குழந்தைகளைச் சுமந்த பெண்ணின் உடல்நிலை எப்படி இருக்கிறது, அவருக்கு உரியது கிடைத்ததா என்று கேட்ட குரல்கள் மிக அரிது.

சரக்கு வழி மாறிச் செல்கிறது

தடை மட்டுமே போட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 2012இல் இந்திய உள்துறை அமைச்சகம் அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு விசா விதிகளைக் கடுமையாக்கி, ஒருபாலினத்தவரையும் தனித்து வாழ்வோரையும் விலக்கியது. தொழில் நிற்கவில்லை, எல்லை தாண்டியது. கருச் சுமக்கும் இந்தியப் பெண்கள் நேபாளத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் காத்மாண்டு இடிந்து கிடந்தபோது, வாடகைத் தாய்மார் பெற்ற இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை இஸ்ரேல் விமானங்களில் பத்திரமாக மீட்டுச் சென்றது. அவர்களைச் சுமந்த பெண்கள் பெரும்பாலும் அங்கேயே விடப்பட்டனர். அவ்வாண்டின் இறுதியில் இந்தியா அயல்நாட்டவருக்கு முழுத் தடை விதித்தது.

2025 ஜூலையில் செகந்திராபாத்தில் ஒரு கருத்தரிப்பு மையம் காவல்துறையின் பிடியில் சிக்கியது. வாடகைத் தாய் வழியே பிறந்தது என்று கூறி ஒரு தம்பதியிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைக்கும் அத்தம்பதிக்கும் எந்த உயிரியல் தொடர்பும் இல்லை என்று மரபணுச் சோதனை காட்டியது. அசாமைச் சேர்ந்த ஏழைப் பெற்றோரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்ட குழந்தை அது என்றும், தம்பதியிடம் 35 லட்சம் ரூபாய் அளவுக்கு வாங்கப்பட்டது என்றும் காவல்துறை கூறியது. வணிகம் தடை செய்யப்பட்டு மூன்றரை ஆண்டுகள் கழித்து நடந்தது இது. சட்டத்துக்கு உட்பட்ட வாடகைத் தாய் கிடைக்காத இடத்தில், ஏழையின் குழந்தையே சரக்காகிவிட்டது.

2022 ஜூனில் ஈரோட்டில் வெளிவந்த கொடுமை இதே சங்கிலியின் இன்னொரு கண்ணி. 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதை ஆதார் அட்டையில் கூட்டிக் காட்டி, ஆண்டுக்கணக்கில் பலமுறை அவளிடமிருந்து கருமுட்டை எடுக்கப்பட்டிருந்தது. பெற்ற தாயும், தாயுடன் வாழ்ந்தவரும், இடைத்தரகரும் கைதானார்கள். சில மாநில மருத்துவமனைகள் விசாரணைக்கு உள்ளாயின. இத்தனை காலம் அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்த்த மருத்துவர்களுக்கு அவள் வயது தெரியாமலா போயிற்று?

அங்கன்வாடியில் கற்ற பாடம்

பெண்ணின் உழைப்புக்குத் தியாகம் என்று பெயரிட்டுக் கூலியை மறுப்பது இந்திய அரசுக்குப் புதிதன்று. 1975 முதல் அங்கன்வாடி ஊழியர்கள் நாட்டின் குழந்தைகளுக்குச் சோறூட்டி வருகிறார்கள். அவர்களுக்குத் தரப்படுவது மதிப்பூதியம், அவர்கள் தொழிலாளர் அல்லர் என்கிறது அரசு. 2005 முதல் ஆஷா ஊழியர்கள் நள்ளிரவிலும் கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். அவர்களுக்குத் தரப்படுவது ஊக்கத்தொகை, அவர்கள் தன்னார்வலர் என்கிறது அதே அரசு. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தும் அது கிடப்பில் போடப்பட்டது. குஜராத் அங்கன்வாடி ஊழியர்களின் வழக்கில் 2022 ஏப்ரலில்தான், அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றத்திலிருந்து பெற முடிந்தது.

மதிப்பூதியம் என்ற சொல்லைத் தெருவில் நின்று எதிர்த்த இயக்கம், பிறர்நலம் என்ற சொல்லுக்கு முன் தலை வணங்குவது எவ்வாறு பொருந்தும்? வாழ்வுக்கான பொருள்களை உற்பத்தி செய்வதும் மனிதர்களையே உற்பத்தி செய்வதும் வரலாற்றின் இரு அடிப்படைகள் என்பதை எங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலில் விளக்கினார். முதல் உற்பத்தியை உழைப்பு என்றும் இரண்டாவதை இயற்கை என்றும் பிரித்துவைப்பது முதலாளித்துவத்துக்கு வசதியான ஏற்பாடு. இயற்கைக்குக் கூலி தர வேண்டியதில்லை அல்லவா?

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு சந்தையின் ஆதரவாளர்களிடமிருந்து வருகிறது. அவளது உடல், அவளது தேர்வு, விலையை அவளே பேசிக்கொள்ளட்டும் என்கிறார்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது பேசப்படும் விலை தேர்வாகாது. ஆனந்த் அதைக் காட்டிவிட்டது. பேரம் பேசும் சந்தையில் பேரம் பேசும் வலிமை மருத்துவமனைக்குத்தான் உண்டு.

இரண்டாவது மறுப்பு தோழர்களிடமிருந்தே வருகிறது. கூலி தந்தால் கருப்பையை விற்பதை நியாயப்படுத்தியதாகும் என்கிறார்கள். மலக்குழியில் மனிதரை இறக்குவதற்குக் கூடுதல் கூலி கேட்காமல் தடையைத்தானே கேட்டோம் என்றும் கேட்கிறார்கள். நேர்மையான கேள்வி இது. விடை அந்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலையையே தடை செய்தது, மறுவாழ்வை உரிமையாக்கியது. மலக்குழியில் இறங்கலாம், ஆனால் கூலி வாங்கினால் குற்றம் என்று யாரும் சட்டம் எழுதவில்லை. வாடகைத் தாய் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வேலை தொடரும்வரை, வேலை செய்பவரின் உரிமையைப் பேசாதிருப்பது நடுநிலையன்று. அது வேலை வாங்குபவரின் பக்கம் நிற்பது.

பிள்ளையில்லாத் தம்பதிகள் எதிரிகளல்லர்

இந்த விவாதத்தில் பிள்ளையில்லாத் தம்பதிகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் தவறு. குறை கணவனிடமே இருந்தாலும் மலடி என்ற ஏச்சு பெண்ணுக்கே கிடைக்கிறது. சுபகாரியங்களில் அவள் பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறாள். இரண்டாம் திருமணம் என்ற மிரட்டல் அவள் தலைமேல் தொங்குகிறது. நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கித் தனியார் கருத்தரிப்பு மையங்களில் லட்சங்களை இழக்கும் தம்பதிகளில் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு.

அவர்களை அங்கே தள்ளியது யார்? இந்தியப் பெண்களின் மலட்டுத்தன்மைக்கு இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அது வறுமையின் நோய், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் தீர்க்கக்கூடிய நோய். ஆனால் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் கருத்தரிப்புச் சிகிச்சை சேர்க்கப்படவில்லை. அரசு மருத்துவமனைகளில் இவ்வசதி அரிது. சட்டப்படி தத்தெடுக்க விரும்புவோர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பொதுச் சுகாதாரம் கைவிட்ட இடத்தில்தான் தனியார் மையத்தின் விளம்பரப் பலகை எழுகிறது.

அதேவேளை, யார் பெற்றோராகலாம் என்பதையும் இச்சட்டம் தன் குலப்பெருமைக் கண்ணாடி வழியாகவே பார்க்கிறது. மணமான ஆண்–பெண் தம்பதிக்கும், 35 முதல் 45 வயதுக்கு உட்பட்ட கைம்பெண்ணுக்கும் மணமுறிவு பெற்ற பெண்ணுக்கும் அனுமதி உண்டு. மணமாகாத பெண்ணுக்கும், சேர்ந்து வாழ்வோருக்கும், ஒருபாலின இணையருக்கும் இல்லை. 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு விதியைத் திருத்தி, தம்பதியின் சொந்தக் கருமுட்டையும் விந்தணுவும்தான் பயன்பட வேண்டும் என்றது. பிறவியிலேயே கருப்பையின்றிப் பிறந்த ஒரு பெண் உச்ச நீதிமன்றத்தில் போராடி இடைக்கால நிவாரணம் பெற்றார். 2024 பிப்ரவரியில் அரசு அந்த விதியைத் தளர்த்த நேர்ந்தது. தாய் தியாகம் செய்ய வேண்டும், வித்து மட்டும் குலத்தினுடையதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே சிந்தனையின் இரு முகங்கள்.

கோரிக்கைகள்

கட்சியும் வெகுஜன அமைப்புகளும் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

வாடகைத் தாய்க்கு இழந்த ஊதியமும், உடல் ஏற்கும் இடருக்கான இழப்பீடும் சட்டப்படியான உரிமையாக வேண்டும். அத்தொகை பேரத்துக்கு விடப்படாமல் அரசால் நிர்ணயிக்கப்பட வேண்டும். தம்பதியின் வருமானத்துக்கேற்ற பங்கும் தனியார் மையங்கள் மீதான தீர்வையும் சேர்ந்த பொது நிதியிலிருந்து அது அவரது கணக்கில் நேரடியாகச் சேர வேண்டும். வாழ்நாளில் ஒரு முறை என்ற வரம்பு நீடிக்க வேண்டும்.

36 மாதக் காப்பீடு போதாது. மகப்பேற்றால் வரும் நீண்டகாலப் பாதிப்புக்கு வாழ்நாள் சிகிச்சையும், மரணம் நேர்ந்தால் அவரது பிள்ளைகளுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக்கு நிகரான தொகையும் உறுதி செய்யப்பட வேண்டும். 2024 ஜூன் விதித் திருத்தத்தின்படி, ஒன்றிய அரசு ஊழியராக இருக்கும் வாடகைத் தாய்க்கு 180 நாள் விடுப்பு உண்டு. விவசாயத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் அதற்கு ஈடான ஊதியம் கிடைக்க வேண்டும்.

கருக்கலைப்பு, அறுவைச் சிகிச்சை உள்ளிட்ட மருத்துவ முடிவுகளில் இறுதிச் சொல் அவருடையதாக வேண்டும். ஒப்பந்தம் அவர் அறிந்த மொழியில் இருக்க வேண்டும், தம்பதியைச் சாராத சட்ட உதவி அவருக்கு வேண்டும். அனுமதி வழங்கும் அமைப்புகளில் மாதர் அமைப்புகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடம் வேண்டும்.

கருத்தரிப்புச் சிகிச்சை அரசு மருத்துவக் கல்லூரிகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். வாடகைத் தாய் நடைமுறை லாப நோக்குள்ள மையங்களின் கையிலிருந்து பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட வேண்டும். மணநிலையையும் பாலீர்ப்பையும் காட்டி விலக்கும் பிரிவுகள் நீக்கப்பட வேண்டும்.

இவை ஒரே நாளில் கிடைத்துவிடா. அங்கன்வாடி ஊழியர் பணிக்கொடை என்ற சொல்லைத் தீர்ப்பில் காண 47 ஆண்டுகள் ஆயின. ஆயினும் அந்தப் போராட்டம் தொடங்கியது ஒரு எளிய மறுப்பிலிருந்துதான். எங்களுடையது சேவையல்ல, வேலை என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும், வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்திலும், மாதர் அமைப்பின் கிளைகளிலும் இனி இந்தப் பெண்களைப் பற்றியும் பேசப்பட வேண்டும். அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சட்டம் அவர்களுக்கு வாயடைத்திருப்பதால் அவர்கள் தாமாக முன்வந்து சொல்ல முடியாது. தேடிச் சென்று கேட்பது அமைப்பின் பொறுப்பு.